முழங்கால் சவ்வு ஒப்பரேஷனுக்குப் பிறகு எப்போது வேலைக்குத் திரும்பலாம்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். பாதி நாள் கந்தோர்க் கதிரை, மீதி நாள் மோட்டார் சைக்கிளும் வயல் வரம்பும். சொந்தமாக இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. கரப்பந்தாட்டத்தில் துள்ளி அடித்துவிட்டுக் கால் ஊன்றியபோது இடது முழங்காலுக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. டொக்டர்மார் ஏசிஎல் என்று சொல்லும் சவ்வு அறுந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது 2 வருடம் தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து சவ்வு அறுந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார், அம்மாமார் என்று பலர் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. என் காலில் நடந்தது, எனக்குப் பயிற்சி தந்த பிசியோ அக்கா சொல்லித் தந்தது, பிறகு நானே தேடி வாசித்தது, இவ்வளவும்தான் இங்கே இருக்கிறது. உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் முழங்காலுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர் அவர்.

ஒப்பரேஷன் முடிந்து எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?

என்ன வேலை என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கதிரையில் இருந்து எழுதும் வேலை, கடையில் காசு வாங்கும் வேலை என்றால் 2 முதல் 3 கிழமை. வகுப்பில் நின்று படிப்பிப்பது போன்ற வேலைக்கு 6 முதல் 8 கிழமை. மேசன் வேலை, ஏணி ஏறுவது, பாரம் தூக்குவது எல்லாம் 4 முதல் 6 மாதம். சேறு, கடல், பனை மரம் என்றால் 6 மாதத்துக்கு மேல், பலருக்கு 9 மாதம் வரை போகும். சவ்வோடு சேர்த்து மெனிஸ்கஸ் என்ற உள்மெத்தையையும் தைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் பின்னால் தள்ளும்.

நாட்களை எண்ணும்போது முழங்காலையும் பார்க்க வேண்டும். பிசியோ அக்கா எனக்குத் தந்த அளவுகோல் மிகவும் எளிது: இன்று ஒரு புது வேலை செய்தால், நாளை காலை எழுந்தவுடன் இரண்டு முழங்காலையும் பக்கத்தில் வைத்துப் பார். முழங்கால் சில்லின் ஓரம் இரண்டிலும் ஒரே மாதிரித் தெரிந்தால் நேற்றைய வேலையை இன்றும் செய்யலாம். ஒப்பரேஷன் செய்த காலில் ஓரம் மறைந்து வழவழவென்று இருந்தால், நேற்றுச் செய்தது கூடிவிட்டது. நோவை நம்பாதே, வீக்கத்தை நம்பு என்பார்.

மூன்று மாதத்தில் கால் நன்றாகத்தான் இருக்கிறது, நோவும் இல்லை. பிறகு ஏன் பொறுக்கச் சொல்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

அறுந்த சவ்வை நூலால் தைத்து விட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தொடையின் பின்பக்கத்துத் தசைநாரையோ, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரையோ கொஞ்சம் எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள்ளால் இழுத்துப் பூட்டுகிறார்கள். அந்தத் துண்டு புது இடத்துக்கு வந்தபோது அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. புது இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, பழைய நார் கரைந்து புது நார் உருவாக வேண்டும். அப்படி மாறிக்கொண்டிருக்கும் 6ஆம் கிழமைக்கும் 12ஆம் கிழமைக்கும் இடையில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். சவ்வு போல முற்றி வர ஒரு வருடமும் அதற்கு மேலும் எடுக்கும்.

ஆனால் நோ எங்கிருந்து வந்தது? வெட்டுக் காயத்திலிருந்தும் வீக்கத்திலிருந்தும். அவை இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். அதாவது, உள்ளே நார் மிகப் பலவீனமாக இருக்கும் காலமும், நமக்குக் கால் சுகமாகிவிட்டது போலத் தோன்றும் காலமும் கிட்டத்தட்ட ஒன்று.

மிளகாய் நாற்றை நட்டவர்களுக்கு இது விளங்கும். நட்ட அன்று வாடிச் சாயும். சில நாளில் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்துவிட்டதே என்று பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிடும். நிமிர்வது வேறு, வேர் பிடிப்பது வேறு.

அண்ணை, வயலுக்குள் எப்போது இறங்கலாம்?

சேறு ஆபத்து என்று எனக்கும் சொன்னார்கள். நான் வழுக்கி விழுவதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். விழாமல் நின்றால் போதும் என்று எண்ணினேன்.

எனக்குப் புரட்டாசியில் ஒப்பரேஷன் நடந்தது. 11ஆம் கிழமை வந்தபோது மார்கழி மழை. பின்னேரம் பக்கத்து வயல்காரர் கூப்பிட்டு, எங்கள் வரம்பு உடைத்துத் தண்ணீர் பாய்கிறது, போட்ட பசளை எல்லாம் போகப்போகிறது என்றார். மண்வெட்டியோடு போனேன். வரம்பில் நின்று ஒரு வெட்டு மண் எடுத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வெட்டுக்கு இடது காலை வயலுக்குள் வைத்தேன். ஆழம் கூட இல்லை, கணுக்கால் அளவுச் சேறுதான். மண்ணை அள்ளி வலப்பக்கம் திரும்பி வீசினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. சேறு பாதத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போனது.

நான் விழவே இல்லை. நின்ற இடத்தில் நின்றேன். இரவு முழங்கால் சில்லு எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. நல்ல காலம், பொருத்திய சவ்வு தப்பியது. ஆனால் 5 கிழமை பின்னால் போனேன். பசளை மிஞ்சிய காசைவிட யாழ்ப்பாணம் போய் வந்த செலவு கூட.

இந்தச் சவ்வு செய்யும் வேலையே கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகாமலும் பிடித்திருப்பது. பாதம் ஓரிடத்தில் இறுகி நிற்க, மேல் உடம்பு திரும்புவதுதான் அதை அறுக்கும் அசைவு. மைதானத்தில் அது எப்போதாவது நடக்கும். வயலில் ஒவ்வொரு எட்டிலும் நடக்கும். அதனால் சேற்றை விளையாட்டு மைதானத்துக்குச் சமமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை யாரும் எனக்கு இப்படி விளங்கப்படுத்தவில்லை என்ற குறை இன்னும் இருக்கிறது.

படிப்படியாக இறங்குங்கள். 6ஆம் கிழமைக்குப் பிறகு வீதிக் கரையில் கதிரை போட்டு இருந்து வேலையாட்களுக்குச் சொல்லிச் செய்விக்கலாம். 3 மாதத்துக்குப் பிறகு காய்ந்த, அகலமான வரம்பில் பொல்லோடு நடக்கலாம். மருந்தடிக்கும் டாங்கி 16 லீற்றர் நிரம்பினால் டாங்கியோடு சேர்த்து 20 கிலோ வரும். 5ஆம் மாதம் அரை டாங்கியோடு காய்ந்த மேட்டு நிலத்தில் தொடங்கலாம். சேற்றுக்குள் இறங்குவதும் 50 கிலோ மூட்டையைத் தோளில் வைப்பதும் கடைசி. அதற்கு முன் ஒற்றைக் காலில் கதிரையிலிருந்து 10 தடவை எழும்பி இருக்க முடிகிறதா, ஒற்றைக் காலால் துள்ளும் தூரம் மற்றக் காலின் தூரத்தில் 90 வீதமாவது வருகிறதா என்று பிசியோவிடம் அளந்து பாருங்கள். துள்ளல் சோதனையை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. தையல் காயம் முழுதாக மூடிக் காயும் வரை வயல் தண்ணீர் படவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக உள்ளே போகும். போக காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் தடுப்பு மாத்திரையைக் காயம் ஆறியவரும் கேட்டு வாங்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் எப்போது ஓடலாம்?

எனக்கு 3 மாதம் முடிந்த பிறகுதான் விட்டார்கள். காரில் பிரேக் காலான வலது காலில் ஒப்பரேஷன் என்றால் 6 கிழமை அளவில் பிரேக் மிதிக்கும் வேகம் பழைய நிலைக்கு வந்துவிடும். மோட்டார் சைக்கிளில் அது மட்டும் போதாது. வலது கால் பின் பிரேக், இடது கால் கியர். அதற்கு மேல், மாடோ நாயோ குறுக்கே வந்து நிறுத்தும்போது 100 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி ஒரு பக்கம் சாயும், நாம் யோசிக்க முன்னரே கால் போய் ஊன்றும். எந்தக் கால் என்று அப்போது தெரிவு செய்ய முடியாது. கிக்கரை உதைப்பதை ஒரு வருடத்துக்கு மறந்துவிடுங்கள், செல்ஃப் ஸ்டார்ட்டைத் திருத்தி வையுங்கள்.

பின்னால் இருந்து போவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. பெண்கள் ஒரு பக்கமாக இருந்து இறங்கும்போது ஒற்றைக் காலில் திரும்பி இறங்குகிறார்கள், அது கூடாது. அதைவிட பஸ் நல்லது. ஏ9 பஸ்களின் முதல் படி உயரம், கொண்டக்டரிடம் காலைச் சொல்லிவிட்டு ஏறுங்கள், பொறுப்பார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒப்பரேஷன் கால் முதலில்.

ஆட்டோ, ட்ரக்டர், லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு ட்ரக்டர்?

ஆட்டோவில் கிளச்சும் கியரும் இடது கையில், கால் பிரேக் வலது பக்கம். அதனால் இடது முழங்கால்காரர் 6 கிழமை அளவில் திரும்பிவிடுகிறார், வலது முழங்கால்காரர் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். இருவருமே பொதி தூக்கிக் கொடுக்கும் வேலையை விடவேண்டும்.

ட்ரக்டர் கிளச் இடது காலுக்குப் பாரம். ஏறி இறங்குவது அதைவிடப் பாரம். குதித்து இறங்கும் பழக்கத்தை விட்டே ஆகவேண்டும். லேண்ட்மாஸ்டரைப் பெட்டி பூட்டி வீதியில் ஓட்டுவதும் இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்றில் பின்னால் நடப்பதும் ஒரே வேலை அல்ல. இரண்டாவதற்கு வயல் கணக்குத்தான்.

முல்லைத்தீவில் கடல்தொழில் செய்கிறேன். எனக்கு என்ன கணக்கு?

என் மச்சான் கரைவலைக்காரர், அவரோடு ஒருநாள் போய் வலை இழுப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலை இழுக்கும்போது குதிக்கால் மணலில் புதைகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, ஒவ்வொரு இழுப்பிலும் முழங்கால் கொஞ்சம் திருகுகிறது. படகைத் தள்ளும்போது அலை வந்து பக்கவாட்டில் அடிக்கிறது. படகுக்குள் ஏறினால் காலுக்குக் கீழே ஒன்றும் நிலையாக இல்லை. முழங்காலுக்கு இதைவிடக் கடினமான வேலை எனக்குத் தெரிந்து பனை ஏறுவது ஒன்றுதான். 9 மாதத்துக்கு முன் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அதுவரை வலை பொத்தலாம், ஆனால் மணலில் சம்மணம் போட்டு இருந்து அல்ல. கதிரையில் இருந்து, காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு. கரையில் மீன் நிறுத்துக் கணக்கு எழுதலாம். பங்குத் தொழிலில் இந்த வேலைக்கும் ஒரு பங்கு தரச் சம்மாட்டியோடு (வலை, படகுச் சொந்தக்காரரோடு) ஒப்பரேஷனுக்கு முன்பே கதைத்து வைப்பது நல்லது. படுக்கையிலிருந்து கதைத்தால் தர்மம் கேட்பது போல ஆகிவிடும்.

கண்ணிவெடி அகற்றும் பிரிவில் வேலை. நாள் முழுக்க முழந்தாளில் நிற்க வேண்டும். முடியுமா?

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தங்கை. ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்டார், அது பெரிய விஷயம். முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தசைநார் எடுத்தவர்களுக்கு முழந்தாளிடும்போது முன்பக்கம் நோகும் வாய்ப்புக் கூட, சிலருக்கு அது வருடக்கணக்கில் நிற்கும். தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு. எனவே டொக்டரைச் சந்திக்கும்போது முதல் வசனமே, ‘நான் முழந்தாளில் நின்று செய்யும் வேலை’ என்பதாக இருக்கட்டும். மேசன்மார், தரையில் ஓடு பதிப்பவர்கள், கோயிலில் விழுந்து எழும்பும் ஐயர்மார் எல்லாரும் இதைச் சொல்ல வேண்டும். எந்தத் தசைநாரை எடுப்பது என்ற முடிவு டொக்டருடையது, ஆனால் உங்கள் வேலை என்ன என்று அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தையலுக்குப் பக்கத்தில் ஒரு கையளவு இடம் மரத்துப்போய் இருந்தால் பயப்பட வேண்டாம். தோலுக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் வருவது. எனக்கு இன்னும் இருக்கிறது.

வீட்டு வேலைக்கு யார் லீவு தருவார்கள்?

ஒருவரும் தருவதில்லை, அதுதான் கவலை. ஸ்கூட்டியில் விழுந்து சவ்வு அறுந்த ஓர் அக்கா, நான்காம் நாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கந்தோரில் வேலை செய்யும் எனக்கு 3 கிழமை ஓய்வு. நாள் முழுவதும் குந்தி, எழும்பி, தூக்கி, குனிந்து வேலை செய்யும் அவருக்கு 3 நாள். வீட்டு வேலையை நின்று செய்யும் வேலையாகவும் பாரம் தூக்கும் வேலையாகவும் சேர்த்துத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குச் சொல்கிறேன்: முதல் 6 கிழமை கிணற்றுத் தண்ணீர், விறகு, அரிசி மூட்டை உங்கள் பொறுப்பு. தரையில் இருக்கும் திருவலையை எடுத்து வைத்துவிட்டு மேசையில் பூட்டும் திருவலை வாங்கிக் கொடுங்கள். நிலத்து அடுப்பு என்றால் நின்று சமைக்கும் உயரத்துக்கு ஒரு மேடை போடுங்கள். நீளப் பிடி போட்ட தும்புத்தடி எடுங்கள். இவ்வளவுக்கும் பெரிய காசு போகாது.

குந்தி இருக்கும் மலசலகூடம்தான் எங்களிடம் உண்டு.

முதல் 4 மாதமாவது குந்த வேண்டாம், மெனிஸ்கஸ் தைத்தவர்கள் டொக்டர் சொல்லும் வரை குந்தவே வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள கொமட் கதிரை மருந்துக் கடைகளில் விற்கிறது, வன்னியில் போரில் கால் பாதிக்கப்பட்டவர் இருந்த பல வீடுகளில் ஒன்று சும்மா கிடக்கவும் கூடும். கேட்டுப் பாருங்கள், தருவார்கள். பழைய பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிச் செய்பவர்களும் உண்டு. கால் நான்கும் வழுக்காமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முதலே இதை ஆயத்தம் செய்ய வேண்டும்.

முதல் இரண்டு கிழமை வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

எல்லாரும் காலை மடக்குவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். முதலில் கவலைப்பட வேண்டியது நீட்டுவதைப் பற்றி. மடக்குவது மெல்ல மெல்ல வரும், முழு நீட்டல் ஆரம்பத்தில் வராவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. நீட்டல் குறைந்த கால் வாழ்நாள் முழுக்க நொண்டக்கூடும்.

வீட்டில் அன்பாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடி இறுகிவிடும். துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்காலுக்குக் கீழே வெளி தெரிய வேண்டும். அப்படியே தொடைத் தசையை இறுக்கி, முழங்காலின் பின்பக்கம் கட்டிலைத் தேடிப் போகிறதா என்று பாருங்கள். முதல் நாள் என் தொடை என் சொல்லைக் கேட்கவே இல்லை. முழங்கால் சில்லையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து இறுக்கினேன், அசையவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சில்லு ஒரு நெல்லளவு மேலே போய்த் திரும்பியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய தையல் நாடாவால் அளந்தபோது இடது தொடை வலதைவிட 4 சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது. வேலைக்குத் திரும்ப விடாமல் தடுப்பது பெரும்பாலும் இந்த மெலிந்த தொடைதான்.

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் இல்லை. மீன், முட்டை, பயறு, உளுந்து நன்றாகச் சாப்பிடுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள், புகை பொருத்திய நாரை வளரவிடாது.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போடலாமா?

நம் முறிவு நெரிவு வைத்தியர்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அப்பாவின் கை முறிவை ஒருவர்தான் கட்டினார். ஆனால் முழுதாக அறுந்த இந்தச் சவ்வு கட்டுப் போட்டுப் பழையபடி சேர்வது அரிது. ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் கிழமைகளில் கெண்டைக்காலை உருவுவது ஆபத்தும் கூட, காலில் இரத்தம் கட்டியிருந்தால் அது நுரையீரலுக்குப் போகலாம். ஆறாத காயத்தில் எண்ணெயும் வேண்டாம், மருந்துப் பத்தும் வேண்டாம். பலவந்தமாக மடக்கிவிடுவதற்கு ஒருவருக்கும் காலைக் கொடுக்காதீர்கள்.

உடம்பில் செல் துண்டு இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள்.

எடுக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். 2009இல் முடிந்த போரில் பட்ட சன்னம், செல் துண்டு பலருக்கு உடம்பில் அப்படியே இருக்கிறது, வருடங்கள் போக மறந்தும் விடுகிறார்கள். எம்ஆர்ஐ பெரிய காந்தம். கண், மூளை, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம். எங்கே பட்டது, எந்த வருடம், எடுத்தார்களா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். கேள்வித்தாளில் இருக்கும் ‘உடம்பில் உலோகம் உண்டா’ என்ற வரிக்கு அவசரத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடாதீர்கள்.

லீவுக்கும் கடிதத்துக்கும் என்ன செய்வது?

அரச ஊழியருக்கு வருடத்துக்கு 21 நாள் அமைய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. ஒப்பரேஷனை வருடக் கடைசியில் வைத்தால் இரண்டு வருடத்து லீவும் உதவும். கடையிலும் தனியார் கந்தோரிலும் ஒரு வருடம் முடித்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும்தான், எனவே மேலதிக நாட்களை முன்பே பேசி எழுத்தில் வாங்குங்கள். வேலை செய்யும்போதே அடிபட்டிருந்தால் 1934இலிருந்து இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கேட்க வழியுண்டு, தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள். அடிபட்ட அன்றே முதலாளிக்கு அறிவித்துவிடுவது முக்கியம்.

வைத்தியச் சான்றிதழ் பற்றி ஒன்று. ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதினால் லீவு முடிந்த அடுத்த நாள் பழைய வேலை முழுவதும் மேசைக்கு வந்துவிடும். நான் டொக்டரைக் கேட்டு இப்படி எழுதுவித்தேன்: கதிரை வேலை செய்யலாம், 12 கிழமைக்கு மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது, 6 மாதத்துக்குச் சேற்று வயலுக்குள் இறங்கக்கூடாது, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி நடக்க வேண்டும். எங்கள் கந்தோரில் அந்தக் கடிதத்தைப் பார்த்தே எனக்குப் பயிற்சி வகுப்புகளையும் மானியப் பதிவுகளையும் மாற்றித் தந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைத் தங்கைமாருக்கும் இதுதான் சொல்வேன்: மெசின் பெடலை எந்தக் காலால் மிதிக்கிறீர்கள், படி எத்தனை ஏறவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று டொக்டரிடம் சொல்லி அதற்கேற்ற கடிதம் வாங்குங்கள்.

காலபோகம் முடிந்த பிறகு ஒப்பரேஷனை வைக்கலாமா?

பெரும்பாலும் வைக்கலாம். இது அன்றே செய்யவேண்டிய ஒப்பரேஷன் அல்ல. வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்ட பிறகு செய்வதே நல்லது என்று டொக்டர்மாரே சொல்கிறார்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடித்துவிட்டு வைத்தால் ஐப்பசி விதைப்புக்கு 7 மாதம் கிடைக்கும். அந்த வருடம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் தந்தாலும் சிறுபோகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். நான் புரட்டாசியில் வைத்துப் பட்டது போதும்.

ஆனால் முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டால், அல்லது நடக்கும்போது அடிக்கடி சரிந்து போனால் தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு சரிவிலும் மெனிஸ்கஸ் கிழியலாம். மறுபக்கம், எல்லாருக்கும் ஒப்பரேஷன் வேண்டும் என்றும் இல்லை. சுவீடனில் 121 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஒப்பரேஷன் என்று விடப்பட்ட 59 பேரில் 36 பேர் 2 வருடம் வரை ஒப்பரேஷன் இல்லாமலே இருந்தார்கள். உங்கள் வேலையில் திருகல் குறைவு என்றால் இதை டொக்டரோடு கதைத்துப் பாருங்கள்.

பிசியோவுக்கு ஒவ்வொரு கிழமையும் யாழ்ப்பாணம் போகவேண்டுமா?

தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் பிசியோதெரபி உண்டு, மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஒப்பரேஷன் செய்த இடத்தில், என்ன தசைநார் எடுத்தார்கள், மெனிஸ்கஸ் தைத்தார்களா என்று எழுதிய துண்டைக் கேட்டு வாங்கி வந்து இங்கே காட்டுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்து போக ஒரு நாள் முடியும் என்பது உண்மை. அதனால் மாதத்துக்கு இரண்டு தடவை போய், அடுத்த இரண்டு கிழமைக்குரிய பயிற்சியைத் தொலைபேசியில் வீடியோவாக எடுத்து வந்து செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கெண்டைக்கால் வீங்கிக் கல்லுப் போல இறுகி நொந்தால். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து கொதித்தால், தையலில் நீரோ சீழோ வந்தால். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 1990க்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆட்டோ தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

திரும்ப விளையாடலாமா?

9 மாதத்துக்கு முன் வேண்டாம். நோர்வே ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மைதானத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் அடிபடுவது 51 வீதம் குறைந்தது. 9 மாதம் ஆனபிறகும் தொடைப் பலம் மற்றக் காலுக்குக் கிட்டவாக வந்திருக்க வேண்டும்.

நான் 14ஆம் மாதம் போனேன். பெடியள் பந்தைத் தந்தார்கள், வாங்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காலாலும் துள்ளி இரண்டு காலாலும் இறங்கினேன், முழங்கால் உள்ளுக்குச் சரியாமல் பார்த்துப் பார்த்து 30 தடவை. பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை கட்டிலில் இருந்து இரண்டு காலையும் நீட்டிப் பார்த்தேன். இரண்டு சில்லின் ஓரமும் ஒரே மாதிரித் தெரிந்தன.